மருத்துவக் கலைச்சொல்லும் நோயாளர் நாவும்

ஒரு மொழியிற் கலைச்சொல் ஆக்குவோர் அச்சொல்லை யாருடைய நாவுக்கென ஆக்குகின்றனர் என்னும் வினா தமிழில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. சொல் தூயதா, இலக்கண வரம்புக்கு அமைந்ததா, வடமொழி கலந்ததா என்னும் வினாக்கள் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றிற்கு விடையும் பலவாறு கூறப்பட்டுள்ளது. ஆயின் மருத்துவத் துறையைப் பொறுத்தவரையில் முதற்கூறிய வினாவே தலையாயது. இத்துறையிற் சொல்லை ஆள்வோர் மூவர். நோயை உணர்பவர் ஒருவர். நோயை ஆராய்ந்து அறிபவர் ஒருவர். இருவருக்கும் இடையே நின்று, பெயரும் வயதும் வினவி, வெப்பமும் நாடியும் அளந்து, நோயாளர் கூறியதைக் குறித்துக் கொடுத்து, வைத்தியர் கூறியதை மீளவும் நோயாளருக்கு எடுத்துரைப்பவர் மூன்றாமவர். தாதி, குடும்பநல மாது, மருந்துக் கலவையாளர், வைத்தியசாலைச் சிற்றூழியர், தனியார் மருத்துவ நிலையத்து உதவியாளர் எனப் பல பெயரால் வழங்கும் இம்மூன்றாமவருக்குத் தமிழில் வெளிவந்த சொற்றொகுதிகள் எவ்வளவு பயன்படும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் எழுவான்கரை நிலப்பட்டையில், குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே அமைந்தது செட்டிபாளையம். அவ்வூர் மூதாட்டி ஒருத்தி மருத்துவ நிலையத்துக்கு வந்து, அங்கு நிற்கும் இளைஞனிடம், “மனே, நாரி உளையுது, சலம் போகக்குள்ள எரியுது, ராவைக்குக் குலைப்பன்” என்கிறாள் என்று கொள்க. அவள் கூறியன மூன்றே தொடர்கள். நாரி என்பது முதுகின் அடிப்புறம். உளைவு என்பது ஓரிடத்தில் ஊன்றி, விட்டு நீங்காது, மந்தமாய் இருந்துகொண்டிருக்கும் நோ. எரிவு சிறுநீர் கழியும்போது தோன்றுவது. குலைப்பன் உடல் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல். இவை மூன்றும் ஒருங்கே கூறப்பட்டபோது, சிறுநீர்ப்பையிலே தொடங்கிய கிருமித்தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைப் பற்றியிருக்கக்கூடும் என்பதை வைத்தியர் உடனே உய்த்துணர்வார். ஆனால் இடைநின்ற இளைஞன் தான் பயின்ற சொற்றொகுதிக்கு இணங்க ‘இடுப்பு வலி, காய்ச்சல்’ என்று எழுதிக் கொடுப்பானாயின், மூதாட்டி வாயிலிருந்து புறப்பட்ட செய்தியிற் பாதி வைத்தியரைச் சென்றடைவதில்லை. வைத்தியர் சிங்களம் மட்டுமே பேசுபவராக அமைந்துவிட்டால், எஞ்சிய பாதியும் அந்த இளைஞனின் மொழிபெயர்ப்பையே நம்பி நிற்க வேண்டியதாகின்றது.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. எனினும் ஈழத்திலே தமிழ்வழி மருத்துவக் கல்வி தோன்றிய காலத்தில் இவ்வினா முற்றிலும் மறக்கப்பட்டிருக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெற்சு மாநிலத்து ஊஸ்ரர் நகரிலே 1822 இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மருத்துவப் பணியும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்த அவர், இடையிலே தாய்நாடு சென்று 1862 இல் மீண்டு வந்தபின், தமிழிலே கற்பிக்கத் துணிந்தார். 1864 இல் தமிழ்வழி வகுப்பு ஆரம்பமாயிற்று. இத்துணிவுக்கு அவர் கண்ட காரணம் மொழிப்பற்று அன்று. ஆங்கிலங் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிறவிடம் செல்வர். தமிழிற் கற்றவரோ தம் கிராமத்திலேயே தங்கி ஏழை மக்களுக்கு உதவுவர் என்று அவர் எண்ணினார். சொல் யாருடைய நாவுக்கு என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை இது.

அவரும் அவர்தம் மாணாக்கரும் மொழிபெயர்த்த நூல்கள் சிறியனவல்ல. 1867 இல் ‘இரணவைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, அதே ஆண்டில் ‘வைத்தியாகரம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’, 1883 இல் ‘மனுஷ சுகரணம்’, 1884 இல் ‘இந்து பாதார்த்த சாரம்’ எனத் தொடர்ந்து வெளிவந்தன. 1873 இல் அவர் ஈழத்தை விட்டு நீங்கிய பின்னரும், தம் ஊரில் இருந்துகொண்டே கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தியனுப்பினார். 1884 இல் மறைந்த அவர், தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற கருத்துப்படும் வாசகத்தையே தம் கல்லறைக்கு வேண்டிக்கொண்டார். அவருடைய வரலாற்றை நம்மவர் நினைவிற்கு மீட்டுத் தந்த பெருமை, ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதிய கவிஞர் அம்பியைச் சாரும்.

சொல்லாக்கத்திற் கிறீன் கையாண்ட நெறி எளிது. முதலில் தமிழிலே தேடுக. கிடையாதாயின் வடமொழியை நாடுக. அங்கும் இல்லையாயின் ஆங்கிலத்தையே தமிழ் ஒலிக்கு இசைவித்துக் கொள்க என்பது அது. மேற்காட்டிய நூற்பெயர்களே இம்மூன்று படிகளுக்கும் சான்றாகும். இரணவைத்தியம் என்பதை அக்காலத்துப் பரியாரியார் எவரும் கேட்டவுடன் விளங்கிக்கொண்டிருப்பர். அங்காதிபாதம் என்பது கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய மரபோடு உறவுடையது. செகராசசேகரமும் பரராசசேகரமும் பயின்ற மண்ணிலே அச்சொல் அந்நியமாய் ஒலித்திராது. கெமிஸ்தமோ வேறு வகை. அது ஆங்கிலச் சொல்லும் அன்று, தமிழ்ச் சொல்லும் அன்று. எங்கும் வேர் பிடிக்காத அச்சொல் நூலோடு பிறந்து நூலோடே மறைந்தது. சுகரணமும் ஏறக்குறைய அவ்வாறே. அதனிடத்தை இன்று உடற்றொழிலியல் கொண்டுள்ளது. இவ்வாறு பல சொற்கள் வழக்கொழிந்தமையைக் காட்டிக் கிறீனைக் குறை கூறுதல் எளிது. ஆயின் அச்சொற்கள் ஒழிந்தது அவற்றின் பிழையால் மட்டுமன்று. 1870 இல் கொழும்பிலே ஆங்கில வழி மருத்துவக் கல்லூரி தோன்றியது. கிறீன் சென்றபின் தமிழ்வழி மருத்துவம் பயிலும் மாணாக்கர் பரம்பரை அற்றுப்போயிற்று. பேசுவார் இல்லாத சொல் பிழைத்திருத்தல் எங்ஙனம்?

அடுத்த பெருமுயற்சி தமிழகத்திலே நிகழ்ந்தது. எனினும் அதன் தலைமை மட்டக்களப்புக்கு உரியது. காரைதீவிலே 1892 இற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு பெற்ற விபுலாநந்த அடிகள், 1936 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாக 1938 இல் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. பல துறைகளோடு உடலியலும் நலவழியும் அதில் இடம் பெற்றன. சொற்கள் செம்மையாக ஆக்கப்பட்டவை. தமிழின் ஆக்கத்திறனை ஐயுற்றோரை வாயடைக்கச் செய்தவை. அடிகளின் தகுதியை நோக்குங்கால் வேறு எதிர்பார்க்கவும் இயலாது. ஆனால் அத்தொகுதி பள்ளி மாணாக்கரை நோக்கியது. ஆங்கிலச் சொல்லை முன்னிறுத்தித் தமிழ்ச் சொல்லைப் பின்னிறுத்தும் முறையிலே அமைந்தது. நூலிலிருந்து மாணாக்கனுக்குச் செல்லும் பாதை அதிலே போடப்பட்டது. நோயாளரிடமிருந்து நூலுக்கு வரும் பாதை போடப்படவில்லை. நாரி, உளைவு, குலைப்பன் என்பன காரைதீவிலும் நாள்தோறும் வழங்கியிருக்கக்கூடிய சொற்களே. அவற்றை அறியாதவர் அல்லர் அடிகள். எனினும் ஆங்கிலத்தில் தொடங்கும் பட்டியலில் அவை வந்து சேர வாயிலே இல்லை. இது அடிகளின் குறையன்று. பட்டியலின் அமைப்பிலேயே உள்ள குறை.

1956 இன் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் அதே வாய்பாட்டையே பின்பற்றின. அவற்றின் நன்மை மறுக்கத்தக்கதன்று: ஈழத்துப் பாடநூல்கள் ஒரு நெறிப்பட்டன. ஆயினும் தமிழகத்துச் சொற்களுக்கும் இவற்றுக்கும் இடையே இடைவெளி வளர்ந்தது. இங்கே குருதியமுக்கம், அங்கே இரத்த அழுத்தம். இங்கே தாதி, அங்கே செவிலியர். சென்னையில் அச்சான துண்டுப் பிரசுரத்தைப் படிக்கும் மட்டக்களப்பு உதவியாளர் இவ்வேறுபாடுகளைச் சிறிது பழக்கத்தால் கடந்துவிடலாம். ‘வலி’ என்னும் சொல்லை மாத்திரம் எளிதாகக் கடத்தல் அரிது. தமிழகத்தில் அது பொதுவாக நோவைக் குறிக்கும். ஈழத்திலோ இழுப்பு நோயையும் அது குறிப்பதுண்டு. ஏற்புவலி என்னும் பெயர் அப்பொருளிலேயே வழங்குகின்றது. குழந்தைக்கு வலி வந்தது என்று தாய் கூறும்போது எந்த வலி என்று கேளாது எழுதுபவர் பெரும்பிழை செய்தவராவார்.

இனி, ஆங்கில மருத்துவச் சொற்களையே கற்றுக்கொண்டால் இத்தொல்லை இல்லையே என்பாரும் உளர். உலகெங்கும் மருத்துவ உதவியாளருக்கு நடத்தப்படும் பயிற்சிகள் கிரேக்க, இலத்தீன் மூலங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கற்பிக்கின்றன. முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்னும் மூன்றையும் அறிந்தால் ஆயிரம் சொற்களை அறியலாம் என்பது அவற்றின் கொள்கை. கொள்கை நன்றே. ஆனால் அச்சொற்களைத் தமிழ் எழுத்தால் எழுதி, தமிழ்ச் செவியாற் கேட்கும்போது நேர்வது வேறு. மிகுதியைக் குறிக்கும் ‘ஹைப்பர்’, குறைவைக் குறிக்கும் ‘ஹைப்போ’ என்னும் இரண்டும், சந்தடி மிக்க விடுதியிலே தொலைபேசி வாயிலாகக் கேட்கும்போது ஒன்றுபோல் ஒலிக்கும். பொருளோ நேர்மாறானது. உயர், தாழ் என்னும் தமிழ்ச் சொற்களை எவரும் மாற்றிக் கேளார். அவ்வாறே சிறுகுடலின் இறுதிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடேனும் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ‘இலியம்’ என்றே ஆகிவிடும். விழுங்க இயலாமையைக் குறிக்கும் ‘டிஸ்பேஜியா’வும் பேச இயலாமையைக் குறிக்கும் ‘டிஸ்பேசியா’வும், வடவெழுத்தை ஒதுக்கினால், ஒரே சொல்லாகின்றன. விழுங்கல் இடர், பேச்சிடர் என எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. விழுங்க முடியாதவருக்கு வாய்வழி உணவு கொடுத்துவிட்டால் அது மூச்சுக்குழலிற் புகுந்துவிடும் என்பதை நினைத்தால், இது வெறும் எழுத்துச் சிக்கல் அன்று என்பது புலனாகும்.

பின்னொட்டுக்களிலும் தமிழ் குறைபட்டதன்று. அழல் என்னும் அடியிற் பிறந்த ‘அழற்சி’, தீயை உட்கொண்ட இலத்தீன் மூலத்துக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்துள்ளது! செம்மை, வீக்கம், வெம்மை, நோ என அழற்சிக்கு நான்கு அறிகுறிகளை முதலாம் நூற்றாண்டிலேயே உரோம நாட்டுச் செல்சுஸ் வகுத்தார். அந்நான்கையும் அழற்சி என்னும் ஒரு சொல் நினைவூட்டுகின்றது. ஈரலழற்சி, மூட்டழற்சி, குடல்வாலழற்சி என்று கேட்ட மாத்திரத்திலே எந்த உறுப்பில் என்ன நேர்ந்துள்ளது என்பது உதவியாளருக்குப் புலப்படும். கருப்பை நீக்கம் என்பதற்கும் உரை வேண்டியதில்லை. சிறுநீரகம் என்பதும் அத்தகையதே. முன்னைய குண்டிக்காய் என்னும் சொல்லைக் கூச்சத்தால் விலக்கிய சமுதாயம், உறுப்பின் தொழிலையே பெயராக்கிக்கொண்டது.

ஆக்கச் சொற்களைப் பொறுத்தவரை தமிழ் நல்ல நிலையிலேயே உள்ளது எனலாம். வழு தோன்றுவது பழஞ்சொற்களிலே. மக்கள் நாவில் ஏற்கெனவே பொருள்கொண்டு வாழும் சொற்களைச் சொற்றொகுதி ஆக்குவோர் ஒன்றில் கண்டுகொள்வதில்லை. அன்றேல் தாமும் எடுத்து வேறு பொருளில் ஆள்கின்றனர். எடுத்துக்காட்டாகச் ‘சீனி’யை நோக்குக. ஏடுகளில் நீரிழிவு, முதியோர் வாயிற் சலரோகம், இன்று எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பெரும்பாலோர் கூறுவது ‘சீனி வருத்தம்’, சுருக்கமாகச் ‘சீனி’. இதனைக் கொச்சையென இகழ்தற்கு நியாயமில்லை. ஆங்கிலப் பெயரின் முதற்பாதி ஊடு கடந்து ஒழுகுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மறுபாதி தேனைக் குறிக்கும் இலத்தீன் அடியினது. நீரிழிவு என்ற புலவரும் சீனி என்ற உழவரும் ஆளுக்கொரு பாதியை மொழிபெயர்த்துள்ளனர்! ஆனால் நோய்க்கே சீனி என்று பெயராகிவிட்டமையால் ஓர் இடர் விளைந்துள்ளது. குருதியில் வெல்லம் 100 மில்லிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குதல் ஆபத்தானது. வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றும். உடனே இனிப்பு உட்கொள்ளல் வேண்டும். இதனை உதவியாளர், “உங்களுக்குச் சீனி குறைந்துவிட்டது” என்று கூறினால், நோயாளர் மகிழ்ச்சியோடு வீடு செல்வார். நோய் குறைந்தது என்றன்றோ அவர் செவிக்குப் படுகின்றது! ‘இரத்தத்திற் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது, உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும்’ என்று விரித்துரைக்க வேண்டிய இவ்விடத்தில், எந்தச் சொற்றொகுதியும் உதவியாளருக்குத் துணைநிற்கவில்லை.

‘அம்மாள்’ என்னும் சொல் இன்னும் நுண்ணியது. செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலை அறிந்தோர், வைகாசிக் குளிர்த்திச் சடங்கின் பொருளை அறிவர். வெம்மை தணியக் குளிர்விக்கப்படுபவள் அன்னை. வெப்ப நோய்களை அவளோடு தொடர்புபடுத்தும் நம்பிக்கை இக்கரையில் ஆழ வேரூன்றியது. அதனால் அம்மாள் வந்திருக்கிறாள் என்பதே வழக்கு. நோய் என்று கூறுதல் மரியாதையன்று. மருத்துவ உதவியாளர் இவ்வழக்கை மதித்தே பேசுதல் வேண்டும். மதியாதவரிடம் தாய்மார் உண்மை உரையார். எனினும் ஒரு சிக்கல் உண்டு. அம்மாள் என்பது முன்னர்ப் பெரியம்மையைக் குறித்தது. அந்நோய் உலகினின்றும் ஒழிக்கப்பட்டதென 1980 இல் அறிவிக்கப்பட்டது. நோய் ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை, அது கொப்பளிப்பானுக்கும், சில வீடுகளிற் சின்னமுத்துக்கும் இடம்மாறிற்று. எனவே எண்பது வயது முதியவர், ‘சிறுவயதில் எனக்கு அம்மாள் வந்தது’ என்றால், எது வந்தது என்பது அச்சொல்லால் மட்டும் விளங்காது. முகத்துத் தழும்பை நோக்கியும், எந்த வயதில் என்று வினவியுமே துணிய வேண்டும். மலேரியா நீங்கிய நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியபின், குலைப்பன்காய்ச்சல் என்னும் சொல்லின் நிலையும் இதுவே. மலேரியாவை மட்டும் அதற்கு நேராக எழுதிவைத்துள்ள தொகுதி இனிப் பயன்படாது.

பிறமொழிச் சொல்லை அப்படியே ஏற்றல் எப்போதும் தாழ்வன்று என்பதும் இங்குக் கூறத்தக்கது. டெங்கு என்னும் சொல்லுக்குத் தமிழாக்கம் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. வைத்தியரும் உதவியாளரும் நோயாளரும் அச்சொல்லை ஒரே காலத்திலே ஒரே பொருளிற் கற்றனர். ஆதலால் அது மூவருக்கும் பொதுவாயிற்று. கெமிஸ்தம் தோற்ற இடத்திலே டெங்கு வென்றமைக்குக் காரணம் இதுவே. ஆனால் பனடோல் என்னும் வணிகப் பெயர் அத்தகையதன்று. இலங்கையில் அது மருந்தின் பெயராகவே வழங்குகின்றது. பரசிற்றமோல் என்று சிட்டையில் எழுதிக் கொடுத்ததை ஒருபுறம் உட்கொண்டு, தலையிடிக்கெனப் பனடோலையும் வாங்கி உட்கொள்வோர் இரட்டை அளவு பெறுகின்றனர். வளர்ந்தோர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற்படல் ஆகாது. மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு. இரு பெயரும் ஒன்றே என்று சொல்லிக் கொடுப்பது உதவியாளரின் கடமை. தனித்தமிழார்வலர் இதற்கொரு மூன்றாம் பெயர் ஆக்காதிருத்தல் நன்று.

வேண்டப்படும் தொகுதி எத்தகையது என்பது இவற்றால் ஒருவாறு விளங்கும். மருத்துவ உதவியாளரின் கைந்நூலில் ஆங்கிலச் சொல், தமிழ்க் கலைச்சொல், நோயாளர் வழக்கு என மூன்றும் இருத்தல் வேண்டும். வழக்குச் சொல்லைக் கொண்டு தேடவும் இயல வேண்டும். ஒரு வழக்குச் சொல் பல பொருள்படுமாயின், பொருளைத் துணிய வினவவேண்டிய வினாவும் அருகே எழுதப்படுதல் வேண்டும். ‘உளைவு’ என்பதன் நேரே எங்கே, எத்தனை நாள், அசைந்தாற் கூடுமா என்பனவும், ‘தொய்வு’ என்பதன் நேரே இரவிலா, நடக்கும்போதா என்பதும் இடம்பெற வேண்டும். இவ்வேலை சொல்லாக்கக் குழு கொழும்பிலோ சென்னையிலோ அமர்ந்து செய்யத்தக்கதன்று. வாவியின் இருகரையிலும் நாள்தோறும் நோயாளர் பேச்சைக் கேட்கும் தாதியரும் குடும்பநல மாதரும் தாமே குறித்துச் சேர்த்தால் மட்டுமே முடியும். கிறீன் தம் நூல்களுக்குத் துணையாகத் தம்மிடம் பயின்ற தமிழ் இளைஞரையே கொண்டதும் இக்கருத்துப் பற்றியே போலும்.

அத்தகைய நூல் வெளிவரின் அதனை மதிப்பிடுதற்கு ஒரு சொல்லே போதியது. ‘வாதம்’ என்னும் பதிவை எடுத்துப் பார்த்தல் வேண்டும். சித்த மருத்துவத்தில் அது முக்குற்றங்களுள் ஒன்று. முதியோர் பேச்சில் மூட்டு நோ. பாரிசவாதம் என விரிந்தால் உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போதல். குருதிக் கட்டியால் நேர்ந்த பாரிசவாதமாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் ஏற்றுதல் வேண்டும். அதன்பின் அது பொதுவாகப் பயன்தராது. மூட்டுநோயாயின் நாளை மறுநாள் வந்தாலும் கேடில்லை. “அப்பாவுக்கு வாதம் வந்திற்று” என்று வாயிலிலே ஓடிவந்து நிற்கும் மகனிடம் உதவியாளர் முதலிற் கேட்க வேண்டியவை: மூட்டா, பாரிசமா? வாய் கோணியிருக்கிறதா? பேச்சுக் குழறுகிறதா? எத்தனை மணிக்குத் தொடங்கியது?